நெஞ்சுக்கு வலிப்பு மாத்திரை

மறைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். மறைக்கிறவ மேசை மேல வைப்பாளா? சீப்புக்கும் தேங்கா எண்ணெய் பாட்டிலுக்கும் நடுவுல, வாறவ போறவ கண்ணுல படுற இடத்துல வச்சிருந்தேன் அந்த மாத்திரை அட்டைய. அதுக்குப் பேரு மறைக்கிறதுன்னா தெறந்து வைக்கிறதுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க. காலேஜுல சேரும்போதே சொல்லலன்னா, சேரும்போது எனக்கு இது கிடையாது, மூணாம் வருச லீவுலதான் வீட்டு வாசல்ல கண்ணு இருட்டி விழுந்தேன், அதுக்கு அப்புறம்தான் டாக்டரு, அதுக்கு அப்புறம்தான் மாத்திரை, வராத நோயை முன்கூட்டியே வந்து சொல்ல நான் என்ன குறி சொல்லுறவளா. இப்படித்தான் ஜங்ஷன்ல பஸ் ஏறுனதுல இருந்து பிரமுங்குற பிரம்மசக்தி சண்டை போட்டுக்கிட்டே வாரா, வாயத் தெறக்காம. எதிர்ல பிரின்சிபால் மேடம் கிடையாது, முன் சீட்டுக்காரர் பிடரிதான் இருக்கு, வேர்வையில சட்டைக் காலர் ஒட்டிக்கிட்டு. அந்தப் பிடரிகிட்டத்தான் அவ இவ்வளவும் கேக்கா. பக்கத்துல அம்மா வெயிலுகந்தாள், ஜன்னல் கம்பியில தலையச் சாய்ச்சு வாயத் தெறந்து தூங்குதா. பீடி சுத்துற விரலு தூக்கத்துலயும் மடியில லேசா உருட்டிக்கிட்டுக் கிடக்கு. அம்மா இனி தூங்கலாம், அவ வேலை முடிஞ்சுபோச்சு, நேத்தே போன்ல ஒத்துக்கிட்டா. இன்னைக்குச் சாயங்காலம் பிரேயர்ல, அத்தனை பிள்ளைகளும் நிக்கையில, பிரமு மேடையில ஏறி, எனக்கு வலிப்பு இருக்கு, மறைச்சுட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லணும். சொன்னா கடைசி வருசத்தை முடிச்சுக்கிடலாம், வெள்ளை உடுப்பு, நர்சு வேலை, எல்லாம் உண்டு. சொல்லலன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான். சரிங்க மேடம், சொல்லிருவா மேடம், கூட்டிட்டு வாரேன் மேடம், போனுக்கே கையெடுத்துக் கும்பிட்டா அம்மா. மேடத்துக்கு அது தெரியுமா, போன்ல கும்பிட்டது? தெரிஞ்சிருக்கும். அவங்களுக்குக் கும்பிடு எங்க இருந்து வந்தாலும் வந்து சேந்துரும்.

வண்ணாரப்பேட்டையில கூட்டம் ஏறுச்சு. மல்லிகைப்பூவும் டீசலும் கலந்து ஒரு வாடை, அவ நாக்கால ஈறத் தடவிப் பாத்துக்கிட்டா. ஈறு வீங்கிக் கிடக்கு, பல்லு மேல ஏறி வந்து உக்காந்த மாதிரி, காலையில பல்லு தேய்ச்சா பேஸ்ட்டு ரோஸ் கலராத்தான் வருது. மாத்திரையோட வேலை. தூக்கமும் மாத்திரையோட வேலைதான், இது தூக்கம் கூட இல்ல, உடம்புக்குள்ள யாரோ ஈரச்சாக்கைப் போட்டு மூடுன மாதிரி, கை ஒரு பக்கம் கிடக்கும், கால் ஒரு பக்கம் கிடக்கும், கோவம் மட்டும்தான் முழிச்சிருக்கும். கோவப்படக்கூடாதுன்னு டாக்டர் வேற சொல்லிவிட்டிருக்காவ. சட்டைக்குள்ள நெஞ்சுல ஒட்டுன பட்டன், பட்டன்ல இருந்து ஒயரு, ஒயரு போயி சேர்ற சின்னப் பெட்டி இடுப்புல, காலையில ஆஸ்பத்திரியில மாட்டிவிட்டது. நாளைக்குக் காலையில வரைக்கும் கழட்டக்கூடாது, ஒவ்வொரு துடிப்பையும் அது பதிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்ப மேடத்தைத் திட்டுனதும் பதியுமா? பதியட்டும். டிக்கெட் போட வந்த கண்டக்டர் துப்பட்டாவுக்கு வெளிய தொங்குன ஒயரப் பாத்துட்டு, என்ன தங்கச்சி, குண்டு கிண்டு கட்டிட்டு வந்திருக்கியான்னாரு. ஆமாண்ணே, காலேஜுக்கு, அவ்விய கேட்டாவன்னா பிரமு. காலேஜு வாறதுக்கு முன்னாடி வெடிச்சிராம பாத்துக்கோ, எனக்கு இன்னும் ரெண்டு ட்ரிப்பு இருக்குன்னு சொல்லிட்டு அவரு பின்னால போயிட்டாரு. நின்னுக்கிட்டு வந்த பெரியம்மா ஒருத்தி மட்டும் விடல, என்ன மக்கா அது, என்ன செய்யின்னு குனிஞ்சு கேட்டா. நெஞ்சுல கோளாறு பெரியம்மா. கல்யாணம் ஆயிட்டா? இல்ல. இத வெளிய தெரியாம உள்ள விட்டுக்கோ மக்கா, பாக்குறவ எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாவன்னு சொல்லி, அவளே குனிஞ்சு ஒயர எடுத்து துப்பட்டாவுக்குள்ள செருகிவிட்டா. பிரமுவுக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிக்கத்தான் தெம்பு இல்ல. மறைச்சேன்னு சொல்லுத ஊரு இது, மறைச்சுக்கோன்னு சொல்லுததும் இதே ஊருதான்.

சரி மேடம், அட்டையிலயே வலிப்புக்குன்னு போட்டிருக்குன்னு சொன்னீங்க, ஒத்துக்கிடுதேன், ஃபெனிட்டாயின் வலிப்பு மாத்திரைதான். ஆஸ்பிரின் எதுக்கு மேடம்? தலைவலிக்கும் குடுக்கோம், மாரடைப்பு வந்தவருக்கும் குடுக்கோம். அப்ப வார்டுல படுத்திருக்க மாரடைப்புக்காரர் எல்லாரும் தலைவலிய மறைச்சுட்டுப் படுத்திருக்காரா? இந்தக் கேள்வி நேத்து ராத்திரி வீட்டுல பாத்திரம் கழுவும்போது தோணுச்சு, தோணுனதுல இருந்து இத எப்ப சொல்லுவோம்னு நாக்கு அரிச்சுக்கிட்டே இருக்கு. மேடம் ரூம்ல நிக்கும்போது இது வரல. அங்க வந்தது அழுகைதான். வாய்க்காரி வாய்க்காரின்னு ஹாஸ்டல் பூரா பேரு, வாய் வேணும்னு இருந்த அன்னைக்கு மூக்கு ஒழுகிச்சு. நெஞ்சு பாக்குற மீனலோசனி டாக்டர் எவ்வளவு லேசாச் சொன்னாவ. ஏம்மா, மூளையும் இதயமும் ரெண்டுமே கரன்ட்டுல ஓடுற சாமான்தான், கரன்ட்டுன்னா உப்பு உள்ள போறதும் வெளிய வாறதும்தான், உன் இதயத்துல உப்பு வாற கதவு சரியாச் சாத்தாம ஒருக்களிச்சுக் கெடக்கு, அதனால தாளம் தப்புது, இந்த மாத்திரை அந்தக் கதவப் பிடிச்சுச் சாத்தும், மூளையில செய்யுற அதே வேலைய இங்க வந்தும் செய்யும், அதுக்கு என்ன தெரியும் இது மூளை இது நெஞ்சுன்னு. எல்லாருக்கும் குடுக்குற நெஞ்சு மாத்திரைய ஏன் குடுக்கலன்னா, சின்னதுல இருந்து இவளுக்கு ஆஸ்துமா உண்டு, அதப் போட்டா மூச்சு அடைக்கும். இதுக்குன்னே உள்ள இன்னொண்ணு இங்க லேசுல கிடைக்காது. பழைய மாத்திரைதான், பழைய வைத்தியம்தான், உனக்குக் கேக்குது, கேக்குறத விடவேண்டாம், நிறுத்த மட்டும் செய்யாதன்னாவ. ரெண்டாம் வருசம் மருந்துப் பாடம் எடுத்தது யாரு? பிரின்சிபால் மேடம்தான். புத்தகத்துல அந்த மாத்திரைக்குக் கீழ ஒரு வரி உண்டு, இதயத் தாளக் கோளாறுக்கும் சில சமயம்னு. மேடம் அதுல விரல வச்சுட்டு, இது பரீட்சைக்கு வராது, விட்டுருங்கன்னாங்க. மொத்தக் கிளாசும் பேனாவால கோடு போட்டு அடிச்சுச்சு. பிரமுவும்தான் அடிச்சா. அவ உசுரு அந்த வரியில தொங்கிட்டு இருந்துச்சுன்னு அன்னைக்கு அவளுக்கு மட்டும் தெரியுமாக்கும்.

பஸ்ஸு பாளை மார்க்கெட்டத் தாண்டி சிக்னல்ல நின்னுச்சு. நின்னா காத்து நின்னுபோயிரும், காத்து நின்னா ஒட்டுன பட்டனுக்குக் கீழ அரிக்கும். அன்னைக்கு மேடம் ஹாஸ்டலுக்கு ரூம் செக்கிங்னு வந்தாங்க, அட்டைய எடுத்தாங்க, மறுநா காலையில பிரேயர்ல மைக்கு முன்னால நின்னு அதத் தூக்கிக் காட்டுனாங்க, நம்மகூட ஒரு பிள்ளை வலிப்ப இப்படி மறைச்சு வச்சிருக்கான்னு. பேரு சொல்லல. பேரு சொல்லலன்னாலும் அத்தனை தலையும் திரும்புச்சு, மேசை மேலதான இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும்லா. அப்புறம் மாத்திரை வார்டன் அலமாரியில. சாவி வார்டன்கிட்ட. வார்டன்கிட்ட கேட்டா மேடம் சொல்லணும். மேடத்துகிட்ட கேட்டா, வலிப்பு இல்லன்னு நீதான சொல்லுத, இல்லாத வலிப்புக்கு எதுக்கு மாத்திரை? டாக்டர் போன் பண்ணிச் சொன்னாவ. பாத்துக்கிடுதோம்னாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. வெளிய போயி வாங்கலாம்னா வெளிக்கேட்டு ஞாயித்துக்கிழமைதான் தெறக்கும். ஞாயித்துக்கிழமை வாறதுக்குள்ள அவ விழுந்தா, ஹாஸ்டல் வராண்டாவுல, தண்ணி ஃபில்டர் பக்கத்துல, பாட்டிலுல தண்ணி நிறையுற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் அது கேக்கல. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மிச்சம் கூடப் படிக்குற பெனிட்டா சொன்னது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சாம். இழுக்கும், நெஞ்சு நின்னு மூளைக்கு ரத்தம் போகலன்னா இழுக்கத்தான் செய்யும், அதுவும் கிளாசுல எடுத்ததுதான். சுத்தி நின்னது யாரு? எல்லாரும் கடைசி வருசத்து நர்சிங் பிள்ளைங்க. பொம்மையப் படுக்கப் போட்டு நெஞ்ச அமுக்கிக் காட்டி மார்க்கு வாங்குனவங்க. பெனிட்டாதான் அதுல முதல் மார்க்கு, அவ அமுக்குனா பொம்மைக்கே விலா வலிக்கும்னு சொல்லுவோம். அந்தப் பெனிட்டா ஓடிப் போயி என்ன செஞ்சா, சாவிக் கொத்த எடுத்துட்டு வந்தா. பிரமு கைய விரிச்சு, சாவியத் திணிச்சு, விரல மூடிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இன்னொருத்தி கத்திரிக்கோல் கொண்டு வந்தா, இரும்பு கூடக் கொஞ்சம் இருக்கட்டும்னு. கழுத்துல விரல் வச்சுப் பாக்கல ஒருத்தி. ஒரே ஒருத்தி கூட. முகத்துல தண்ணி தெளிச்சு, காலத் தேய்ச்சு, இயேசுவேன்னும் முருகான்னும் கூப்பிட்டு, இரும்பப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அந்த நெஞ்சு அதுவாப் போச்சு, அதுவாத் திரும்பி வந்துச்சு, வழி மறந்திருந்தா வந்திருக்காது. கண்ணு முழிச்சப்ப உள்ளங்கையில சாவி அச்சு செவப்பா. பெனிட்டா அழுதுக்கிட்டு, பிரமு, சாவி குடுத்ததும் இழுப்பு நின்னுட்டுட்டீன்னா. அவகிட்ட சண்டை போட வாய் வரல. முதல் மார்க்கு வாங்குனவளுக்கு மேடம் அந்தப் பிரேயர்லயே வலிப்புன்னு சொல்லிக்குடுத்துட்டாங்கள்லா. வலிப்புன்னா கை தானா சாவியத்தான் தேடும். பாடம் எல்லாம் அதுக்குப் பொறவுதான்.

கேடிசி நகர் தாண்டுனதும் பஸ்ஸு வேகம் எடுத்துச்சு, அம்மா தலை கம்பியில இடிச்சு முழிச்சுக்கிட்டா. முழிச்சதும் முதல்ல பிரமு இடுப்புல கைய வச்சு பெட்டி இருக்கான்னு பாத்தா. எங்கன வந்திருக்கோம்? வந்தாச்சு, இன்னும் கொஞ்சந்தான். சாப்பிட்டியா அந்த பிஸ்கட்ட? ஈறு வலிக்கும்மா. நனைச்சுத் தின்னுட்டி. எதுல நனைக்க, கண்டக்டர் வேர்வையிலயா? அம்மா அதுக்குச் சிரிக்கல. ஏட்டி, அங்க போயி வாயக் குடுக்காத, ஒரு வார்த்தைதான, சொல்லிட்டு இறங்கிரு. என்ன வார்த்தை? அதான், அவிய சொன்னது. அது பொய்யாச்சேம்மா. பொய்யா இருந்தா என்ன, வலிப்புன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாவ, வாயில ஒட்டிக்கிட்டா இருக்கப் போகுது, படிப்பு முடிஞ்சிரும்லா, உசுரோட இருக்கேல்லா. பிரமு அம்மா முகத்தைப் பாத்தா. எம்மா, அப்பா விழுந்தப்ப கையில என்ன குடுத்தாவ? அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கோயில் கொடையில, வேட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா அப்படியே சாஞ்சது பிரமுவுக்கு லேசா ஞாபகம் இருக்கு, ஆளுங்க காலுக்கு நடுவுல அப்பா செருப்பு, ஒரு செருப்புதான். இழுப்பு நின்னுட்டு, சரியாயிட்டுன்னு யாரோ சொன்னது. நின்னது இழுப்பு மட்டும் இல்ல. மீனலோசனி டாக்டர், குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போனாங்களான்னு கேட்டப்ப, இல்லைங்கன்னு அம்மாதான் சொன்னா. வெளிய வந்து, ஏம்மா அப்படிச் சொன்னன்னு கேட்டதுக்கு, உன்னைய எவன் கட்டுவான்னா. இப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னா, அருவாளக் குடுத்தாவ, உங்க பெரியப்பாதான் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நெஞ்சைத் தொட்டுப் பாத்தாவளாம்மா? வெளிய வல்லநாட்டு மலை வர ஆரம்பிச்சிருந்துச்சு, வெயில்ல பொசுங்குன மாதிரி. அடுத்த தடவை டாக்டரம்மாகிட்ட சொல்லிருதேன்னா அம்மா. ரொம்பப் பையச் சொன்னா, பஸ்ஸு சத்தத்துல விழுந்துறக்கூடாதுன்னு நெனச்ச மாதிரி. ஆனா இன்னைக்கு நீ வாயக் குடுக்காத.

அவளுக்கும் வாயக் குடுக்கத் தெம்பு இல்ல. அதுதான் பயமா இருக்கு. கோவம் இருக்க வரைக்கும் பயம் இல்ல, கோவமும் இப்ப அந்தச் சாக்குக்குள்ள போயிக்கிட்டு இருக்கு, சொல்லிட்டு இறங்கிருவோமேன்னு காலு சொல்லுது, ஈறு சொல்லுது. ஒரு வார்த்தைதான. சொல்லிட்டா அவ பேரு வலிப்புக்காரி. அடுத்த தடவை விழுந்தா, வார்டுல விழுந்தாலும், ஆபரேஷன் தியேட்டர்ல விழுந்தாலும், டாக்டருங்க நடுவுல விழுந்தாலும், எல்லாருக்கும் தெரியும் இது அதுதான்னு, தள்ளி நின்னு முடியட்டும்னு பாப்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும், அது அவள அப்பா பக்கத்துல கொண்டுபோயிப் படுக்க வைக்கும். அப்ப சொல்லக்கூடாது. எனக்கு வலிப்பு இல்லவே இல்லன்னு மைக்குல கத்தணும். கத்தணும்னு நெனைக்கும்போதே ஹாஸ்டல்ல இருக்க ரெண்டாம் வருசத்துப் பிள்ளை ஒண்ணோட முகம் வந்து நிக்கி. அதுக்கு நெசமாவே வலிப்பு. மாத்திரையப் பவுடர் டப்பாக்குள்ள வச்சிருக்கு, அது மறைக்கிறதுதான், நல்லாவே மறைக்கி, நேத்து போன்ல கேட்டுச்சு, அக்கா, நீங்க என்ன சொல்லப் போறீங்க? ஏன் கேக்க? சும்மாத்தான்க்கா. சும்மா இல்ல. பிரமு போயி, ச்சீ, எனக்கு அந்த நோய் இல்லன்னு சொன்னா, அந்த ச்சீ யாரு மேல விழும்? இத்தனை நாளா முன் சீட்டுப் பிடரி, சுவரு, பாத்திரம் எல்லாத்துகிட்டயும் அவ பேசுன பேச்சு பூராவும் அந்தப் பிள்ளை தலைக்கு மேலேயில்லா போயிருக்கு. வலிப்பு இருந்தாத்தான் என்ன? இருந்திருந்தா பூட்டி வச்சது சரியாயிருமா? இங்கன வந்து பிரமுவோட நெனப்பு கால் தட்டி நின்னுச்சு. சரியாயிருமா? மாத்திரை எடுக்குற வலிப்புக்காரிகிட்ட இருந்து மாத்திரையத் திடீர்னு பிடுங்குனா என்ன ஆகும்? விடாம வரும், ஒண்ணு முடியாம இன்னொண்ணு, ஆளே போயிரும். திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு கரும்பலகையில எழுதி ரெண்டு கோடு போட்டது யாரு? இது பரீட்சைக்குக் கட்டாயம் வரும்னு சொன்னது யாரு? நெஞ்சுன்னு நம்புனாலும் பூட்டியிருக்கக்கூடாது, வலிப்புன்னு நம்புனா பூட்டியிருக்கவே கூடாது. இத்தனை நாள் அவ தப்பான சண்டையப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஆஸ்பிரின், தலைவலி, உப்பு, கதவு. அவங்க கேட்ட கேள்விக்கே பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. அவ ஒரு கேள்வி கேக்கல. காலேஜ் எறங்குறவங்க வாங்கன்னு கண்டக்டர் விசிலு அடிச்சாரு. அம்மா பையத் தூக்கிக்கிட்டா. பெரியம்மா, பாத்துப் போ மக்கான்னு ஒயர இன்னொரு தடவை உள்ள தள்ளிவிட்டா.

ஹால்ல பாட்டு முடிஞ்சு எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அம்மா கடைசி வரிசையில சுவரு ஓரமா, கும்பிட்ட கையை எறக்காம. மேடம் மைக்க அவகிட்ட நீட்டி, சொல்லும்மா, பயப்படாதன்னாங்க, நல்லபடியாத்தான் சொன்னாங்க, அது இன்னும் அலுப்பா இருந்துச்சு. மேடையில நாலு படி ஏறுனதுக்கே கண்ணுல பொட்டுப் பொட்டா வந்துச்சு. பிரமு மைக்க வாங்குனா. இந்த ஹால்ல வலிப்பு உள்ள பிள்ளையும் இருக்கும், எனக்கு இருக்கது நெஞ்சுக் கோளாறு, ரெண்டுக்கும் ஒரே மாத்திரை, ரெண்டும் தப்பில்லன்னு சொன்னா. சத்தமே வரல, மைக்குதான் அதத் தூக்கிக் குடுத்துச்சு. மேடம் கைய நீட்டுனாங்க, போதும்னு. பிரமு குடுக்கல. மேடம், நான் மன்னிப்புக் கேக்க வரல, கேள்வி கேக்க வந்திருக்கேன். வலிப்பு மாத்திரையத் திடீர்னு நிறுத்துனா என்ன ஆகும்னு எங்க எல்லாருக்கும் எடுத்தது நீங்கதான். எனக்கு வலிப்புன்னு நெனச்சீங்க. நெனச்சுக்கிட்டே என் மாத்திரையப் பூட்டி வச்சீங்க. டாக்டர் போன் பண்ணுன பொறவும் தெறக்கல. எதுக்கு மேடம்? ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், எங்க அம்மாகிட்ட போன்ல சொல்ல வேண்டாம். என்னைய இந்த மைக்குலதான் சொன்னீங்க, இதுலயே சொல்லுங்க, இவங்க எல்லாரும் நாளைக்கு நர்சா போறவங்க, கேக்கட்டும். எனக்கு நிக்க முடியல மேடம், இங்கனயே உக்காந்துக்கிடுதேன். நீங்க சொல்லுங்க.